சைக்கிள் டியூபில் மெதுவாகக் காற்று இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டென்று பஞ்சர் ஆனால் யாரும் குழம்புவதில்லை. முள்ளோ ஆணியோ கண்ணுக்குத் தெரியும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆளை அலைய வைப்பது மெதுவாகக் காற்று இறங்கும் சைக்கிள்தான். மாலையில் அடித்த காற்று காலையில் இருப்பதில்லை. கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்துப் பஞ்சர் இல்லை என்கிறார்கள், மறுநாளும் அதே நிலை. கடைசியில் நல்ல டியூபைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள், அதிலும் காற்று இறங்குகிறது.

எங்கள் குடியிருப்பில் சைக்கிள் வேலை தெரிந்தவன் என்பதால் இந்தச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒட்டுவது எளிய வேலை. காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பொறுமை வேண்டும்.

நேற்று மாலை கெட்டியாகக் காற்றடித்தேன். இன்று காலை பார்த்தால் டயர் அமுங்குகிறது. இது பஞ்சர்தானா?

இருக்கலாம், ஆனால் அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். காற்று வெளியேற மூன்று வழிகள் உண்டு: டியூபில் உள்ள ஓட்டை, வால்வு, டியூபின் ரப்பர். இறங்கும் வேகம்தான் முதல் துப்பு. சில நிமிடங்களில் இறங்கினால் ஓட்டை பெரியது, தேடவே வேண்டியதில்லை. ஓர் இரவில் இறங்கினால் ஊசிமுனை அளவு ஓட்டையோ வால்வோ காரணம். பத்துப் பதினைந்து நாளில் சற்றே தளர்ந்தால் அது ரப்பரின் இயல்பு.

எப்போதும் வால்வில் தொடங்குங்கள். அதைச் சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும், டயரைக் கழற்ற வேண்டியதில்லை. "டியூபே போய்விட்டது" என்று என்னிடம் வந்த சைக்கிள்களில் பல, வால்வைச் சரிசெய்ததும் வீடு திரும்பியிருக்கின்றன.

புது டியூப் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. ஓட்டையே இல்லாத டியூபிலும் காற்று குறையுமா?

குறையும். ரப்பரின் ஊடாகக் காற்று மிக மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் கறுப்பு டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பரைவிட இது காற்றை நெடுநாள் பிடித்துவைக்கும். பந்தயச் சைக்கிளுக்குப் போடும் லேடெக்ஸ் டியூப் ஓர் இரவிலேயே தளர்ந்துவிடும். அதை ஓட்டும்போதெல்லாம் காற்றடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரத்துக்குக் கரியமில வாயுக் குப்பியால் நிரப்பியிருந்தாலும் சீக்கிரம் இறங்கும், ஏனென்றால் அந்த வாயு பியூட்டைல் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும். வீடு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டுப் பம்பால் அடித்துக்கொள்ளுங்கள்.

இயல்பான கசிவா, கோளாறா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு காற்றடித்து நிறுத்திவையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தளர்ந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் முந்திக்கொண்டால் அதில்தான் கோளாறு.

மார்கழிக் குளிரில் காற்று தானாக இறங்கும் என்கிறார்களே?

அழுத்தம் குறையும், ஆனால் டயர் தரையில் படியும் அளவுக்கு ஒருபோதும் குறையாது. கணக்குப் பாருங்கள். அழுத்தம் காட்டும் அளவியில் 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காட்டும் டயருக்குள், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 60 இருக்கும். வெப்பம் 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 2 பி.எஸ்.ஐ. குறையும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் சைக்கிளில் வேறொன்றும் நடக்கிறது. வெப்பம் 15 டிகிரி குறைந்தால் டயர் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருப்பதால் அளவியில் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே டயர் சப்பையாகிவிட்டால் குளிரைக் குறை சொல்லாமல் ஓட்டையைத் தேடுங்கள்.

வால்வில் காற்றுப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எச்சில் தொட்டு வைத்தால் போதுமா?

வேகமாகப் போகும் காற்றுக்கு எச்சில் போதும். மெதுவாகப் போகும் காற்றுக்குப் போதாது, குமிழி எழும் முன்பே எச்சில் காய்ந்துவிடும். நன்றாகக் காற்றடித்துவிட்டு, வால்வு சக்கரத்தின் உச்சிக்கு வரும்படி சுழற்றுங்கள். இப்போது வால்வின் முனை அச்சை நோக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, டம்ளர் நிறையத் தண்ணீரை அடியிலிருந்து தூக்கி, வால்வு முழுவதும் அதில் அமிழும்படி பிடியுங்கள். கை அசையாமலிருக்க டம்ளர் பிடித்த கையின் முழங்கையை மற்றொரு கையால் தாங்கிக்கொள்ளலாம்.

முதலில் எழும் இரண்டொரு குமிழிகள் மரைகளில் சிக்கியிருந்த காற்று, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு நிமிடமாவது காத்திருங்கள். வால்வின் வாயிலிருந்தோ அதன் திருகு வளையத்தின் அடியிலிருந்தோ மீண்டும் மீண்டும் குமிழி வந்தால் வால்வுதான் குற்றவாளி. ஒன்றும் வரவில்லை என்றால் டியூபுக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய கம்பி பிரேக் சைக்கிள். வால்டியூப் மாற்று என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது?

வால்வின் மேல் இருக்கும் திருகு வளையத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு உலோகக் குழலை உருவுங்கள். காற்று சீறிக்கொண்டு வெளியேறும், பயப்பட வேண்டாம். அந்தக் குழலின் மேல் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று உறையாகப் போர்த்தியிருக்கும். அதுதான் வால்டியூப். குழலின் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவு துளை ஒன்று உண்டு. பம்பு அடிக்கும்போது காற்று அந்தத் துளை வழியே வந்து ரப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அடிப்பதை நிறுத்தியதும் டியூபின் காற்றே ரப்பரைத் துளையின் மேல் அழுத்தி அடைத்துவிடுகிறது. இந்த வகைக்கு டன்லப் வால்வு என்று பெயர். 1888இல் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்ற ஜான் பாய்ட் டன்லப்பின் பெயர்தான் இதற்கும் வழங்குகிறது. எவ்வளவு எளிய அமைப்பு, எத்தனை காலமாக உழைக்கிறது!

இதில் தேய்வது அந்த ரப்பர் மட்டுமே. வெயிலில் இறுகும், துளைக்கு நேராகக் கிழியும், சில சமயம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தண்ணீரில் நனைத்து உருட்டி ஏற்றுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், அது இந்த ரப்பரை அரித்துவிடும். துளையை மூடியதோடு நிறுத்தாமல் குழலின் அகன்ற பகுதி வரை ரப்பரை ஏற்ற வேண்டும். வளையத்தை இறுக்கும்போது அந்த விளிம்பு ரப்பர்தான் வால்வின் வாயை அடைக்கிறது. பாதி ஏற்றி விட்டுவிட்டால் புது வால்டியூபிலும் காற்று போகும்.

கியர் சைக்கிளில் வால்டியூப் இல்லையே. அதில் வால்வு கெடாதா?

கெடும். பைக், கார் டயர்களில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வுக்கு ஷ்ரேடர் என்று பெயர். அதன் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்று மரையில் திருகியிருக்கும். அது தளர்ந்திருந்தால் வால்வு சாவியால் கால் சுற்று இறுக்கினாலே சரியாகிவிடும். மணல் நுழைந்திருந்தால் ஊசியை ஓரிரு முறை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள், மணல் பறந்துவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஊசியை மாற்றிவிடலாம். மெல்லிய, நீண்ட பிரெஸ்டா வால்வில் காற்றடித்த பிறகு நுனியில் உள்ள சிறு திருகைக் கையால் மூட மறக்கிறார்கள். அந்தத் திருகை வளைத்துவிட்டாலும் காற்று கசியும்.

மூடி தூசுக்காகத்தான். கசியும் வால்வை மூடியை இறுக்கிச் சரிசெய்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

பின்சக்கரத்தைக் கழற்றினால் செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறது. கழற்றாமலே ஓட்டையைத் தேட முடியாதா?

முடியும். சக்கரத்தைத் தொடாமல், டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து வெளியே எடுத்து, டியூபை உருவிச் சோதிக்கலாம். பஞ்சர் கடைகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதோ படுக்கப் போடுவதோ உங்கள் வசதி. செயின் இல்லாத பக்கத்திலிருந்து வேலை செய்தால் கையில் கறை படியாது.

வால்வை ரிம்மிலிருந்து எடுக்காமலே டியூபைச் சுற்றிலும் உருவிப் பார்க்கலாம். அதில் கூடுதல் நன்மை ஒன்று இருக்கிறது. ஓட்டை தெரிந்ததும், அது டயரில் எந்த இடத்துக்கு நேரே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். இதன் பயனைக் கீழே அதே இடத்தில் மறுபடி ஓட்டை விழுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டயரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் போட்டேன். பழைய ஓட்டையோடு புதிதாக இரண்டு ஓட்டை விழுந்துவிட்டது.

ஸ்க்ரூடிரைவரின் கூர்முனை டியூபைக் கிள்ளிவிடும். வழுவழுப்பான விளிம்புள்ள டயர் லிவர் விலை அதிகமில்லை. அதுவும் கிடைக்காவிட்டால் தடித்த எவர்சில்வர் கரண்டியின் காம்பு உதவும். முதலில் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். பிறகு டயரின் இரு பக்கங்களையும் கிள்ளி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். பள்ளத்தில் இறங்கிய பக்கத்துக்கு நேர் எதிரே டயர் தளர்ந்துகொடுக்கும், பலம் தேவைப்படாது. திரும்ப மாட்டும்போது கையால் மட்டுமே மாட்டுங்கள், கடைசி ஒரு சாண் வால்வின் பக்கம் வரட்டும். லிவர் போட்டு மாட்டுவதால் விழும் ஓட்டைகள் அநேகம்.

டியூபைத் தண்ணீரில் முக்கினால் நிறையக் குமிழி வருகிறது. எது ஓட்டை என்று தெரியவில்லை.

டியூபின் மடிப்பிலும் பழைய ஒட்டுகளின் ஓரத்திலும் தங்கிய காற்று தண்ணீருக்குள் போனதும் குமிழியாக எழும். முக்கிப் பிடித்திருக்கும் இடத்தைத் தண்ணீருக்குள்ளேயே கையால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகள் போய்விடும். துடைத்த பிறகும் அதே புள்ளியில் மீண்டும் ஒன்று முளைத்தால் அதுதான் ஓட்டை.

டியூபுக்குத் தாராளமாகக் காற்றடிக்க வேண்டும். டயருக்குள் இருக்கும் பருமனைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வரை உப்பட்டும். ரப்பர் விரிந்தால்தான் ஊசித்துளை வாய் திறக்கும். வால்விலிருந்து தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக முக்கி, ஒவ்வோர் இடத்திலும் மெல்ல இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய ஓட்டையில் குமிழி ஓடி வராது. முதலில் ரப்பரின் மேல் வெள்ளைப் புள்ளி தோன்றும். அது கடுகு அளவுக்கு வளரும்வரை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்து, பிறகுதான் விட்டு எழும். அவசரக்காரர்கள் அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடையில் "பஞ்சர் இல்லை" என்று சொல்லப்படும் டியூப்களில் பலவற்றின் ரகசியம் இதுதான். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது அவர்களால் அந்தக் கடுகுக்குக் காத்திருக்க முடிவதில்லை.

ஓட்டை தெரிந்ததும் அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டே வெளியே எடுத்துத் துடைத்து, பால்பாயிண்ட் பேனாவால் பெரிய கூட்டல் குறி போடுங்கள். கோடுகள் ஒட்டு போடப்போகும் இடத்தைத் தாண்டி நீளட்டும். உப்புத்தாள் தேய்த்த பிறகும் குறியின் முனைகள் தெரிய வேண்டும். ஒன்றைக் கண்டதும் நிறுத்தாமல் சுற்றை முடியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முழுச் சுற்றும் முக்கியும் ஒரு குமிழி கூட இல்லை. ஆனால் காற்று இறங்குகிறது.

டியூபை ஓரளவு உப்பவைத்து, டயரில் மாட்டாமல், ஆணியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். ஆணியில் நேரே மாட்டாமல் துணி சுற்றித் தொங்கவிடுவது நல்லது. காலையில் இளைத்திருந்தால் ஓட்டை உண்டு. மீண்டும் தண்ணீருக்குப் போங்கள், இந்த முறை வால்வின் அடிப்பகுதியையும் பழைய ஒட்டுகளின் ஓரங்களையும் இருபுறமும் வளைத்து வளைத்துப் பாருங்கள். தண்ணீரில் அகப்படாத சில ஓட்டைகள் சோப்பு நுரையில் அகப்படும். நுரையைத் தடவிவிட்டால் ஓட்டையின் மேல் நுண்குமிழிகள் கூடும்.

காலையிலும் டியூப் அப்படியே இருந்தால் அதற்குக் குறைந்த அழுத்தத்தில் காற்றைக் காக்கும் திறன் இருக்கிறது என்று பொருள். டயருக்குள் முழு அழுத்தம் ஏறும்போது மட்டும் வால்வு விட்டுக்கொடுக்கலாம். ஆகவே வால்வை மாற்றிவிட்டு டயரில் மாட்டி ஒருநாள் பாருங்கள். ஒரே நேரத்தில் வால்வும் மாற்றி, ஒட்டும் போட்டு, டயரும் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஓட்டை டியூபின் உள்பக்கம் இருக்கிறது. தரையில் படாத இடத்தில் எப்படி ஓட்டை விழும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே அது எதனால் விழுந்தது என்பதைச் சொல்லிவிடும். தரையைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் முள், கண்ணாடி, கம்பி. ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியின் முனையோ, அந்தக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளுக்கான துளையின் கூர்விளிம்போ. ரிம்முக்குள் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை நகர்ந்தோ கிழிந்தோ இருக்கும்.

அருகருகே இரண்டு சிறு வெட்டுகள் இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்றுக் குறைவான டயர் பள்ளத்திலோ கல்லிலோ மோதியபோது டியூப் டயருக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. பாம்பு கடித்த தடமாக இரண்டு புள்ளிகள் இருப்பதால் அதைப் பாம்புக்கடி என்பதும் உண்டு. ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு "மறுபடி இறங்குகிறது" என்று வருகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்கத் தவறியவர்கள்.

அண்ணா, முள்ளை எடுத்துவிட்டேன், ஒட்டும் போட்டுவிட்டேன். மறுநாளே அதே இடத்தில் மறுபடி ஓட்டை!

தம்பி, வெளியே தெரிந்த பகுதியைத்தான் எடுத்திருப்பாய். சீமைக்கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயரின் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, சக்கரம் பாரம் தாங்கி அமுங்கும்போது மட்டும் உள்ளே எட்டிப்பார்க்கும். கண்டுபிடிக்க இன்னும் சிரமமானது எஃகு இழை. லாரி டயர்களுக்குள் கம்பி இழைகள் இருக்கின்றன. டயர் வெடித்துச் சிதறும்போது அவை சாலையோரத்தில் கிடந்து, முடி அளவு மெல்லிய துண்டுகளாக நம் டயரில் ஏறிவிடும். மெதுவாகக் காற்று இறங்குவதற்கு நெடுஞ்சாலைகளில் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தேய்க்காதே, கிழித்துவிடும். பஞ்சையோ பழைய பனியன் துணியையோ உள்ளே ஓட்டு. துணி எங்கே நூல் பிடித்து நிற்கிறதோ அங்கே டயரைப் பின்பக்கமாக வளைத்துப் பார். வெளியிலிருந்து ஊசியால் நெம்பியோ உள்ளிருந்து இடுக்கியால் பிடித்தோ எடுத்துவிடு. டயரிலிருந்து எடுக்கும்போது வால்வை வைத்து எந்தப் பக்கம் எது என்று நினைவில் வைத்திருந்தால், டியூபின் ஓட்டைக்கு நேரான டயர்ப் பகுதியை மட்டும் நுணுகித் தேடினால் போதும்.

ஒட்டுப் போடும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? சொல்யூஷன் தடவி உடனே ஒட்ட வேண்டும்தானே?

உடனே ஒட்டக் கூடாது. பெரும்பாலான ஒட்டுகள் பிடிக்காமல் போவது இந்த அவசரத்தால்தான். டியூப் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஒட்டின் அளவைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கிய கறுப்பு வர வேண்டும். அச்சில் வார்த்த டியூபின் மேல் கோடாக ஓடும் மேடு குறுக்கிட்டால் அதைத் தேய்த்துச் சமமாக்குங்கள். அந்த மேட்டின் ஓரமாகத்தான் காற்று வழி தேடும். தூசியைத் தட்டிவிட்ட பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

சொல்யூஷன் என்னும் ரப்பர் பசையை மெல்லிய பூச்சாகப் பரப்புங்கள். கெட்டியாகத் தடவினால் நன்றாகப் பிடிக்கும் என்பது தவறு. மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள், ஈரப்பதமான நாளில் இன்னும் சற்று நேரம். ஈரப் பளபளப்பு மறைய வேண்டும். ஓரத்தில் விரலின் பின்புறத்தால் தொட்டால் பிசுக்கு உணரலாம், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. பசையில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகவே இந்தக் காத்திருப்பு. அது உள்ளே சிக்கினால் ஒட்டு உப்பிக்கொண்டு விலகிவிடும். சிலர் சீக்கிரம் காய வேண்டும் என்று தீக்குச்சி உரசிக் காட்டுகிறார்கள். சொல்யூஷன் சட்டென்று தீப்பற்றும் பொருள். வீட்டில், அதுவும் பிள்ளைகள் அருகில் இருக்கும்போது, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஒட்டின் தாளை உரித்து, ஓட்டை நடுவில் வரும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். தட்டையான பலகை மேல் வைத்துச் சுத்தியல் காம்பால் உருட்டி அழுத்தினால் இன்னும் நல்லது. சுற்றிலும் மிஞ்சிய பிசுக்கின் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள், இல்லாவிட்டால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய டியூபை வெளியில் வைத்துப் பெரிதாக உப்பவைத்துச் சோதிக்க வேண்டாம். புது ஒட்டு அப்படி விரிவதைத் தாங்காது. டயருக்குள் மாட்டி அடித்தால் டயரே ஒட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டின் ஓரம் மட்டும் தூக்கிக்கொள்கிறது. மேலே இன்னொரு ஒட்டு போடலாமா?

கூடாது. ஒட்டின் மேல் ஒட்டு நிற்காது. ஓரம் தூக்குவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ஓரம் வரை தேய்க்கவில்லை, அல்லது ஓரம் வரை சொல்யூஷன் போகவில்லை. பழையதை மெல்ல உரித்து எடுத்து, மேலே சொன்னபடி முதலிலிருந்து செய்யுங்கள். உரிக்க வராமல் நடுவில் உறுதியாகப் பிடித்திருந்தால், முழுவதையும் மூடும் அளவு பெரிய ஒட்டுக்கு முயல்வதைவிட டியூபை மாற்றிவிடுவது நல்லது.

பழைய டியூபை வெட்டி ஒட்டாகப் பயன்படுத்தலாமா? கடையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாராளமாக. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து உரியத் தொடங்கும். ஒட்டுத் துண்டையும் டியூபைப் போலவே உப்புத்தாளால் தேய்த்து, இரண்டின் மேலும் சொல்யூஷன் தடவி, இரண்டும் காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் ஆரஞ்சு ஓர ஒட்டுகளின் அடியில், சொல்யூஷனோடு வினைபுரிந்து ரப்பராகவே இணையும் பூச்சு இருக்கிறது. அதனால் அவை கூடுதல் உறுதி, ஓரமும் மெல்லியதாக இருப்பதால் டயருக்குள் உறுத்தாது. சொல்யூஷன் தேவைப்படாத, உரித்து ஒட்டும் வகை வழியில் வீடு வந்து சேர உதவும். அதையே நம்பி மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும். பயணத்துக்குக் கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள்.

நொடியில் ஒட்டும் பசை வீட்டில் இருக்கிறது. அதையே போட்டால் என்ன?

அது காய்ந்ததும் கண்ணாடி போல் இறுகிவிடும். டியூப் விரியும், சுருங்கும். அதோடு சேர்ந்து விரியாத பசை விண்டுவிடும். ரப்பருக்கு ரப்பர் சொல்யூஷன்தான்.

வால்வு டியூபோடு சேரும் இடத்திலேயே கசிகிறது. அதை ஒட்ட முடியுமா?

வால்வின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் ஒட்டு படியாது. டியூபை மாற்றுவதே வழி. ஆனால் காரணத்தை விட்டுவிட்டால் புது டியூபுக்கும் அதே கதி. காற்றுக் குறைவாக ஓட்டினால் டயரும் டியூபும் ரிம்மின் மேல் மெல்ல நழுவும். வால்வு மட்டும் துளையில் சிக்கி நிற்பதால் அதன் அடி இழுபட்டுக் கிழியும். உங்கள் வால்வு நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரோடு சேர்த்துத் திருப்பி நேராக்குங்கள். ரிம்மின் வால்வுத் துளையில் பிசிறு இருந்தால் அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏழெட்டு ஒட்டு இருக்கிறது. இன்னும் எத்தனை போடலாம்?

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ரப்பரின் நிலைதான் கணக்கு. டியூபை இழுத்துப் பிடித்தால் மேலே நுண்வெடிப்புகள் வலைபோல் தெரிகிறதா, மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறதா? அப்படியானால் ஒட்டுவது வீண். ரப்பர் உயிரோடு இருந்தால், ஒட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவரை, தயங்காமல் போடுங்கள். நன்றாகப் போட்ட ஒட்டு டியூபின் ஆயுள் வரை நிற்கும்.

டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் விற்கிறார்களே, அதை ஊற்றிவிட்டால் இந்த வேலை எல்லாம் மிச்சம் அல்லவா?

முள் குத்தும் ஊர்களில் அது உண்மையாகவே உதவுகிறது. சிறு துளைகளை உடனுக்குடன் அடைத்துவிடும். ஆனால் அது வால்வுக் கோளாற்றையோ பாம்புக்கடியையோ சரிசெய்யாது. நாளாவட்டத்தில் உள்ளேயே காய்ந்து பயனற்றுப் போகும், சில சமயம் வால்வையும் அடைக்கும். பின்னர் ஒட்டுப் போட நேர்ந்தால் ஓட்டையிலிருந்து திரவம் கசிந்து ஒட்டைப் பிடிக்க விடாது. இருக்கும் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, இனி வரப்போவதைத் தடுக்க ஊற்றுங்கள்.

பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள். கோடை விடுமுறை முழுவதும் நிறுத்தியிருந்தோம். இப்போது அடித்தால் காற்று நிற்பதே இல்லை.

காற்று இல்லாத டயரின் மேல் சைக்கிள் நின்றுகொண்டிருந்தால், டியூப் ஒரே மடிப்பில் நசுங்கிக் கிடக்கும். வெயிலும் சேர்ந்தால் அந்த மடிப்பில் வெடிப்பு விழும். டியூபை எடுத்து அந்த மடிப்பை முதலில் பாருங்கள். வால்டியூப் வகை என்றால் அதைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள், இரண்டு மாத வெயிலில் பெரும்பாலும் அது இறுகியிருக்கும். அடுத்த விடுமுறைக்கு நிழலில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்றடித்துவிடுங்கள்.

தினமும் காலையில் இரண்டு நிமிடம் பம்பு அடித்துவிட்டுப் போகிறேன். அதில் என்ன நஷ்டம்?

காலையில் சரியாக இருக்கும் டயர் மாலை திரும்பும்போது தளர்ந்திருக்கும். பாம்புக்கடி, வால்வு அடி கிழிதல் இரண்டும் வருவது அந்தத் தளர்ந்த டயரால்தான். டயரின் பக்கச்சுவரும் வெடிக்கும். டியூபை விடப் பல மடங்கு விலை டயருக்கு. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது டயரின் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்குள் வைத்திருங்கள்.

நிறுத்திவைத்தால் இறங்குவதில்லை. ஓட்டினால் மட்டும் அரை மணியில் இறங்குகிறது. தண்ணீரிலும் ஒன்றும் தெரியவில்லை. இது என்ன விந்தை?

ஓட்டையைக் குத்திய பொருளே அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. முள்ளோ எஃகு இழையோ டயரில் இருந்தபடியே டியூபுக்குள் நுழைந்து, நிற்கும்போது தக்கையாக நிற்கிறது. சக்கரம் உருளும்போது அது அசைய, ஓரமாகக் காற்று போகிறது. டியூபை வெளியே எடுத்து முக்கினால் தெரிய வேண்டுமே என்பீர்கள். துளை மிக நுண்ணியதாக இருந்தால், குறைந்த அழுத்தத்தில் ரப்பர் தானே மூடிக்கொள்ளும். ஆகவே இங்கே டியூபைவிட டயரை முதலில் தேடுங்கள். பனியன் துணி சொல்லும் இடத்தை வைத்து, டியூபில் அதற்கு நேரான பகுதியை மட்டும் இரு கையால் நன்றாக இழுத்துப் பிடித்துத் தண்ணீருக்குள் பாருங்கள்.

டயரிலும் ஒன்றுமில்லை என்றால் வேறொரு சாத்தியம் உண்டு. டயரில் பழைய வெட்டு ஒன்று இருந்து, பாரம் ஏறும்போது வாய் திறந்து டியூபைக் கிள்ளிக்கொண்டிருக்கும். டயரை அங்கே வெளிப்புறமாக வளைத்தால் வெட்டு திறப்பது தெரியும். உள்ளே பழைய டயரின் மெல்லிய துண்டு ஒன்றை, ஓரங்களைச் சீவி, சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள். அதன் பிறகு டியூபை ஒட்டி மாட்டி, காற்றடித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அந்த இடத்தில் டயர் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்திருந்தால் டயரின் உள்நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் இனி ஏறாதீர்கள், புது டயர் வாங்கிவிடுங்கள்.